வழி அடைபட்ட வேளையிலும் நம்பியவர்: புனித யோசே வாஸ் அடிகளார்

எமது பங்கு தன் யூபிலி ஆண்டைக் கொண்டாடும் இவ்வேளையில், ஆலயத்தை எழுப்பிய முன்னோரையும், இங்கு பணிபுரிந்து சென்ற குருக்களையும், மணி அடித்தவர் முதல் பீடத்துக்குப் பூ வைத்தவர் வரை அனைவரையும் நன்றியோடு நினைவுகூருகின்றோம். ஆனால் ஆலயமும் இல்லாமல், மணியும் இல்லாமல், குருவானவரும் இல்லாமல் நம் முன்னோர் விசுவாசத்தைக் காத்த காலம் ஒன்றும் இந்நாட்டில் இருந்தது. குருவானவர் ஒருவருக்குத் தன் வீட்டில் ஒதுங்க இடம் கொடுத்தவனுக்கு மரண தண்டனை என்று அன்று சட்டம் இருந்தது. அந்தக் காலத்தில், யாரும் அழைக்காமல், யாரும் வழி காட்டாமல், வெறுங்காலோடு இங்கு வந்து சேர்ந்த ஒருவரின் வாழ்க்கையைப் பங்கு மக்களோடு பகிர்ந்துகொள்வது இம்மலருக்குப் பொருத்தமாக இருக்கும் என எண்ணினோம்.

இலங்கையின் அப்போஸ்தலர் என்று நாம் போற்றும் புனித யோசே வாஸ் அடிகளாரைத்தான் குறிப்பிடுகின்றோம். அவருடைய படம் நம் வீடுகளிலும் ஆலயங்களிலும் இருக்கின்றது. திருநாளில் மாலை சூட்டுகின்றோம். ஆயினும் அவர் எப்படிப்பட்ட இக்கட்டுகளுக்குள் நடந்தார் என்பதை நம்மில் பலர் நின்று நினைத்துப் பார்ப்பதில்லை. புதுமைகளை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகின்றோம்.

முப்பது ஆண்டு வரட்சி

முதலில் நாட்டின் நிலையைச் சொல்ல வேண்டும். 1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரின் கையிலிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறின. போர்த்துக்கேயர் கத்தோலிக்கர், ஒல்லாந்தர் கல்வீனின் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். யாழ்ப்பாணக் கோட்டை விழுந்ததும் குருக்கள் அனைவரும் நாடு கடத்தப்பட்டார்கள். ஆலயங்கள் பறிக்கப்பட்டு, ஒல்லாந்தரின் வழிபாட்டு இடங்களாகவும் பாடசாலைகளாகவும் ஆக்கப்பட்டன. அதே 1658ஆம் ஆண்டில்தான் குருக்களுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரணம் என்ற கட்டளையும் பிறந்தது.

வேதகலாபனை என்றவுடன் வாளையும் நெருப்பையுமே நாம் எண்ணுகின்றோம். ஒல்லாந்தர் ஆட்சியில் அதைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று இருந்தது. அது தோம்பு. பிள்ளைக்கு ஞானஸ்நானமும், மணமக்களுக்கு விவாகமும் ஒல்லாந்த சபையில் நடந்து பாடசாலைத் தோம்பில் பதியப்பட வேண்டும். பதியப்படாவிட்டால் விவாகம் செல்லாது. பிள்ளைக்கு முதுசம் வந்து சேர்வதில் சிக்கல். அரச உத்தியோகம் வேண்டுமானால் அவர்களது சபையில் இருந்தே ஆக வேண்டும். எனவே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பகலில் தோம்பில் பெயர் எழுதுவித்து, இரவில் கதவைச் சாத்திச் செபமாலை சொல்லி வாழ்ந்தன. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. சாகிறவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ஆளில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இப்படியே சென்றன. முப்பது ஆண்டென்றால், பூசை கண்ட தலைமுறை முதுமை அடைந்து, பூசையே காணாத தலைமுறை பிள்ளை பெறத் தொடங்கிவிடும் காலம். மனிதக் கணக்குப்படி பார்த்தால், இன்னும் ஒரு தலைமுறை கழிந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

கோவாவில் ஓர் இளங்குரு

யோசே வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவிலுள்ள பெனாவ்லிம் என்ற ஊரில், தாயாரின் பிறந்தகத்தில் பிறந்தார். தந்தையின் ஊர் சங்கோலே. கொங்கணி பேசும் பிராமண குலத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கோவா நகரில் இயேசு சபையாரிடத்திலும் தொமினிக்கன் சபையாரிடத்திலும் கல்வி கற்று, 1676இல் குருப்பட்டம் பெற்றார். குருவான காலந்தொட்டு ஏழைகளைப் போலக் காலில் அணி இல்லாமலே நடந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் திகதி, தாம் தேவமாதாவின் அடிமை என்று ஒரு சாசனம் எழுதி அதில் ஒப்பமிட்டார். அன்று எழுதிய சொல் பத்தாண்டுகளில் உடம்பில் போடும் உடையாகவே வந்து அமையும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

இலங்கைக் கத்தோலிக்கரின் நிலையைக் கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு உறக்கம் இல்லை. போக அனுமதி கேட்டார். மேலதிகாரிகளோ 1681இல் அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆட்சி உரிமை பற்றித் திருச்சபைக்குள்ளேயே ஒரு பிணக்கு. உரோமாபுரி நியமித்த ஆயருக்குக் கீழ்ப்படிவதா, போர்த்துக்கல் மன்னரின் உரிமையைச் சார்ந்த கோவாவுக்குக் கீழ்ப்படிவதா என்று மக்கள் இரண்டுபட்டுக் கிடந்தனர். இலங்கைக்குப் போகத் துடித்தவருக்கு இந்தப் பிணக்கைத் தணிக்கும் வேலை கிடைத்தது. மூன்று ஆண்டுகள் அதைப் பொறுமையோடு செய்தார். மங்களூர்ப் பக்கத்திலும் கங்கொள்ளியிலும் ஆலயங்களைச் சீர்ப்படுத்தினார். அடிமைகளாகப் பிடிபட்ட கிறிஸ்தவர்களைப் பணம் திரட்டி மீட்டார். கேட்டதைக் கொடாமல் வேறொன்றைக் கடவுள் கையில் வைக்கும்போது அதை முகங்கோணாமல் செய்வது எவ்வளவு கடினம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

1684இல் கோவா திரும்பியவர், அடுத்த ஆண்டு புதுமைகளின் திருச்சிலுவை ஆலயத்தில் கூடி வாழ்ந்த சில உள்நாட்டுக் குருக்களோடு சேர்ந்து, புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைப் பின்பற்றும் ஒரு குழுவை அமைத்தார். இக்குழு ஏன் தேவைப்பட்டது? கோவாவில் இருந்த ஐரோப்பியத் துறவற சபைகள் பொதுவாக இந்தியரைத் தம்மோடு சேர்த்துக்கொள்வதில்லை. நிறத்தால் இரண்டாந்தரமாக எண்ணப்பட்டவர்கள், தமக்கென ஒரு வீட்டைத் தாமே கட்டிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஒல்லாந்தரின் காவல் எல்லாம் எவரைத் தேடி வைக்கப்பட்டிருந்தது? அங்கி அணிந்த வெள்ளைக்காரக் குருவை. அப்படி ஒருவர் துறைமுகத்தில் கால் வைத்த கணமே பிடிபட்டிருப்பார். இலங்கைக்குள் நுழைய முடிந்தவர், கறுத்த மேனியும் வெறுங்காலும் உடைய ஓர் இந்தியரே. எந்தக் காரணத்துக்காக அவருடைய இனத்தவர் கோவாவின் மடங்களில் வெளியே நிறுத்தப்பட்டார்களோ, அந்தக் காரணமே இங்கே கதவைத் திறந்தது. இதனை யாரும் திட்டமிடவில்லை.

தோணியில் வந்த கூலியாள்

1686இல் குழுத் தலைவர் பொறுப்பை விட்டுவிட்டுப் புறப்பட்டார். கையில் பணம் இல்லை. இலங்கையில் யாரைக் காண்பது என்ற முகவரி இல்லை. கரையோரமாகவே தெற்கு நோக்கி நடந்து, 1687ஆம் ஆண்டு பாஸ்குக் காலத்தில் தூத்துக்குடியில் இருந்தார். தூத்துக்குடியும் அன்று ஒல்லாந்தர் வசமே. குருவின் உடையைக் களைந்து, கூலியாளைப்போல அரையில் ஒரு துண்டு மட்டும் கட்டிக்கொண்டு, யோவான் என்னும் விசுவாசமுள்ள பணியாளோடு தோணி ஏறினார். பூசைக்கு வேண்டிய பொருட்கள் மூட்டைக்குள் மறைந்திருந்தன.

தூத்துக்குடிக்கும் நமது கரைக்கும் இடையே உள்ள கடல் அகலமானதன்று. ஆனால் காற்று மாறினால் அந்தக் கடல் என்ன செய்யும் என்பதை நம் கடற்றொழிலாளச் சகோதரர்களைக் கேட்டால் தெரியும். அலைக்கழிந்து, உணவும் நீரும் குறைந்து, கரை சேர்ந்தபோது அவருக்கு வயிற்றுளைவு நோய் கண்டுவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது நிற்கவும் பலமில்லை. தொற்றுக்குப் பயந்து அவர்களை அருகில் வைத்துக்கொள்ள ஒருவரும் இல்லை. இருவரும் வெளியில், திறந்த வெளியில் கிடந்தார்கள். யோவானுக்கும் நோய்.

ஆண்டுக்கணக்காகக் கேட்டு, காத்திருந்து, எல்லாவற்றையும் விட்டு வந்தது இதற்குத்தானா? முப்பது ஆண்டு குரு இல்லாத நாட்டுக்கு வந்த ஒரே குரு, ஒருவருக்கும் பூசை வைக்காமலே தெருவோரத்தில் கிடந்து சாவதா? அப்படி ஓர் எண்ணம் அவர் மனத்தில் எழுந்திருந்தால் நாம் வியக்கத் தேவையில்லை. அந்நேரத்தில் வானதூதர் எவரும் வரவில்லை. இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி கொண்டு வந்து கொடுத்தாள் என்று அவருடைய சரித்திரம் சொல்லுகின்றது. நாள்தோறும் வந்த அந்தக் கஞ்சியால் இருவரும் எழுந்து நடமாடும் அளவுக்குத் தேறினார்கள். இலங்கைத் திருச்சபையின் மறுபிறப்புக்கு முதற்கல் வைத்தவள் பெயர் அறியாத அந்தத் தாய் என்று சொன்னால் மிகையாகாது என்பது எமது கருத்து. தான் யாருக்கு வார்க்கின்றாள் என்பது அவளுக்குத் தெரியாது.

உடல் தேறியதும் அடுத்த சிக்கல். கத்தோலிக்கர் யார், ஒல்லாந்தருக்குச் சேதி சொல்பவர் யார் என்று எப்படி அறிவது? கேட்டால் காட்டிக்கொடுக்கப்படலாம். கேளாமல் இருந்தால் வந்த காரியம் நடவாது. அடிகளார் ஒரு வழி கண்டார். செபமாலையைக் கழுத்தில் வெளிப்படையாகப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். பார்த்தும் பாராமல் போனவர்கள் பலர். கல்வீனியர் கண்ணில் பட்டால் ஆபத்து. ஆனால் கத்தோலிக்கர் ஒருவரின் கண் அந்த மாலையில் விழுந்தால் அங்கிருந்து எடுபடாது. அப்படி ஒரு கண் தங்கியது. சோதித்துப் பார்த்து, விசாரித்து, மெல்ல நெருங்கி வந்தார்கள். பிச்சைக்காரர் தம்மைக் குரு என்று வெளிப்படுத்தினார். முப்பது ஆண்டு வரட்சி அந்த இடத்தில் முடிந்தது.

இதில் நாம் காண வேண்டியது ஒன்று உண்டு. இறைவனை நம்புகின்றோம் என்று சொல்லிப் பலவேளைகளில் நாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுகின்றோம். அடிகளாரோ மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். அங்கே கிடையாவிட்டால் அதற்கடுத்த வாசலுக்கு. முழு வழியும் தெரிந்த பிறகு நடப்போம் என்று இருந்திருந்தால் கோவாவிலேயே முதுமை அடைந்திருப்பார்.

சில்லாலையும் ஒரு நத்தார் இரவும்

கத்தோலிக்கர்கள் அவரை யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து சில்லாலைக்கு அழைத்துச் சென்றார்கள். விசுவாசத்தில் உறுதியான ஊர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதுவே அவருடைய இருப்பிடம். பகலில் மறைவு, இரவில் பணி. நள்ளிரவில் பூசை, விடியுமுன் வேறு ஊர். குருவைக் காணாமலே வளர்ந்தவர்கள் முதன்முறையாக நற்கருணை வாங்கினார்கள். தோம்பில் மட்டும் பதிந்த விவாகங்கள் திருச்சபையின் ஆசீர் பெற்றன.

இவ்வளவு மக்கள் அறிந்த இரகசியம் எவ்வளவு காலம் இரகசியமாக இருக்கும்? ஒல்லாந்தரின் செவிக்கு எட்டிவிட்டது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவு, பூசைக்காக மக்கள் கூடியிருந்த வேளையில் யாழ்ப்பாணத்தில் படைவீரர் பாய்ந்தார்கள். ஆணும் பெண்ணுமாய்ப் பெருந்தொகையானோர் பிடிபட்டனர். தேடி வந்த குருவானவர் மட்டும் அகப்படவில்லை.

இக்கட்டளையின் பின்னால் இருந்தவர் ஹென்ட்ரிக் வான் றீட் என்ற பெரிய அதிகாரி. மலையாள நாட்டின் மூலிகைகளைப் பற்றிப் பன்னிரண்டு பாகங்கள் கொண்ட பெருநூலை வெளிவரச் செய்தவர் இவரே. அந்நூல் வேலையின் தொடக்கத்தில் அவருக்கு உதவியவர் கார்மேல் சபைக் கத்தோலிக்கக் குரு ஒருவர் என்பது விந்தையான செய்தி. செடி கொடிகளிடம் அத்தனை பொறுமை காட்டியவர், செபமாலையிடம் அதைக் காட்டவில்லை.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது அடிகளார் தப்பிய புதுமையைச் சொல்லி மகிழ்ந்து நிறுத்திவிடுவது நம் வழக்கம். அது நியாயமன்று. பிடிபட்டவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அவர்களில் முக்கியமானவர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டார்கள். கல்வீனிய சபையை விட்டுக் கத்தோலிக்கராக வந்த தொன் பேதுரு என்பவர் அந்த அடியினாலேயே உயிர் துறந்தார். மற்றவர்கள் விலங்கோடு கடும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். குருவானவர் தப்பினார், அவரை ஒளித்தவர்கள் தப்பவில்லை. அவர்களும் இறைவனை நம்பியவர்களே. அவர்களுடைய செபமும் அதே இரவில், அதே மாலையில் சொல்லப்பட்டதே.

இதற்கு எளிதான விளக்கம் சொல்ல எமக்குத் துணிவில்லை. நம்பினால் துன்பம் வராது என்று போதிப்பவர்கள் முதலில் இந்த நத்தார் இரவுக்குப் பதில் சொல்லட்டும். அடிகளாரின் உள்ளத்தில் அது எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். தம் பொருட்டு மக்கள் அடிபடுகின்றார்கள் என்று கண்ட ஒருவர், ஊர் திரும்பிப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் நாட்டை விட்டுப் போகவில்லை. ஒல்லாந்தரின் அதிகாரம் செல்லாத கண்டி அரசனின் எல்லைக்குள், 1690இல் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கும் குருவைத் தேடித் தவித்த கத்தோலிக்கர் பலர் இருந்தனர்.

சிறைக்குள் ஒரு பங்கு

புத்தளத்திலிருந்து கண்டி நகரை அடைந்து அரசனின் ஆதரவைப் பெற்றால் இலங்கை முழுவதுக்கும் அங்கிருந்து பணிபுரியலாம் என்பது அவருடைய எண்ணம். கண்டியில் போர்த்துக்கேய வழித்தோன்றல்களான கத்தோலிக்கர் இருந்தார்கள். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் பிற சமயத்தாரிடம் பகைமை பாராட்டாதவன். எல்லாம் கூடி வந்ததுபோல் தோன்றியது.

1692இல் கண்டியை நெருங்கினார். அவர் வந்து சேருமுன்னே பழி வந்து சேர்ந்திருந்தது. அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த லனரோல் என்ற பிரெஞ்சுக் கல்வீனியர், வருகிறவர் குரு வேடத்தில் வரும் போர்த்துக்கேய ஒற்றர் என்று மன்னனிடம் சொல்லிவிட்டார். அடிகளார் பிடிக்கப்பட்டு, யோவானோடு சிறையில் அடைக்கப்பட்டார். ஒல்லாந்தரிடம் அகப்படாமல் தப்பிவந்தவர், அடைக்கலம் தேடிப்போன இடத்தில் அகப்பட்டார்.

ஆனால் சிறையில் அவர் செய்ததைப் பாருங்கள். வெளியே வரும் நாளை எண்ணிக்கொண்டு இருக்கவில்லை. சிங்கள மொழியைக் கற்கத் தொடங்கினார். நாட்கள் செல்லச் செல்லக் காவல் தளர்ந்தது. காவல் எல்லைக்குள்ளேயே ஒரு சிறு கொட்டில் போட்டுப் பீடம் அமைத்தார். அங்கே பூசை நடந்தது. நகரத்துக் கத்தோலிக்கர் ஒருவர் இருவராக வந்து, பிறகு கூட்டமாக வரத் தொடங்கினர். வெளியே போய் மந்தையைத் தேட முடியாத மேய்ப்பரிடம் மந்தை தானே வந்து சேர்ந்தது. கண்டியின் பங்கு பிறந்தது சிறைக்குள்ளேதான்.

பின்னர் கண்டி நாட்டைக் கடும் வரட்சி வாட்டியபோது, மழைக்காகச் செபிக்கும்படி மன்னன் அவரைக் கேட்டதாகவும், வெளியிடத்தில் பீடம் அமைத்து அவர் முழந்தாளிட்டுச் செபித்ததும் பெருமழை பெய்ததாகவும், அவரும் பீடமும் நனையாமல் இருந்ததாகவும் பரம்பரையாகச் சொல்லப்படுகின்றது. சிறு பிள்ளைகளும் அறிந்த கதை. மன்னனின் உள்ளம் அவர்பால் திரும்பியது. நாட்டில் எங்கும் சென்று போதிக்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது.

பெரியம்மை

மழைப் புதுமையைவிடப் பெரிய புதுமை ஒன்று கண்டியில் நடந்தது என்றே நாம் எண்ணுகின்றோம். 1697இல் பெரியம்மை நகருக்குள் புகுந்தது. மன்னனும் பிரபுக்களும் நகரைவிட்டு நீங்கினார்கள். நோய் கண்டவர்களைப் பெற்றோரும் பிள்ளைகளும்கூடக் காட்டோரங்களில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல வேண்டாம்; அந்த நோய்க்கு அக்காலத்தில் மருந்து இல்லை, பயம் மட்டுமே இருந்தது.

அடிகளார் போகவில்லை. ஓராண்டுக்கு முன், 1696இல்தான், கோவாவிலிருந்து அவருக்குத் துணையாக யோசே மெனேசஸ், யோசே கார்வாலோ என்ற இரு குருக்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். அதுவரை ஒன்பது ஆண்டுகள் அவர் தனி ஆள். இந்தத் தீவு முழுவதற்கும் ஒரே குரு. கார்வாலோ அடிகளார் அவருடைய மருமகன் முறையானவர். இருவரும் சேர்ந்து காட்டோரத்தில் கொட்டில்கள் போட்டார்கள். கைவிடப்பட்டவர்களைத் தூக்கி வந்து கிடத்தினார்கள். கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள், புண் கழுவினார்கள், இறந்தவர்களைக் குழி தோண்டி அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கர், பௌத்தர், சைவர், இசுலாமியர் என்று பாராமல் இதைச் செய்தார்கள். யாழ்ப்பாணத்துத் தெருவோரத்தில் நோயோடு கிடந்து, யாரோ வார்த்த கஞ்சியால் பிழைத்த மனிதர், பத்தாண்டு கழித்து அதே கஞ்சியைப் பிறருக்கு வார்த்தார்.

ஒற்றர் என்ற பழி இத்துடன் ஒழிந்தது. வாதாடி ஒழிக்க முடியாததை அந்தக் கொட்டில்கள் ஒழித்தன.

இதற்குப் பிந்திய ஆண்டுகளை விரிவாகச் சொல்ல இம்மலரில் இடமில்லை. கொச்சி ஆயர் அவரை இலங்கைக்குத் தம் பதிற்குருவாக நியமித்தார். ஒல்லாந்தர் பகுதிகளுக்குள்ளும் மாறுவேடத்தில் மீண்டும் மீண்டும் சென்றார். கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தனர். அவர்களுள் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்த நூல்களைத் தனியாக ஒரு கட்டுரையில்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் பங்கு மக்கள் அறிந்திருத்தல் நல்லது. ஓர் ஊருக்குக் குரு ஆண்டில் ஒருமுறை வந்தாலே பெரிது என்ற நிலையில், எஞ்சிய நாட்களில் அந்த ஊரின் விசுவாசத்தை யார் காப்பது? அடிகளாரும் அவரது சபையாரும் ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார்கள். செபங்களையும் ஞானோபதேசத்தையும் மக்கள் மொழியில் கொடுத்தார்கள். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுவதும், பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும், அவசரத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதும், சாகக் கிடப்பவரின் அருகில் இருந்து செபிப்பதும் இவர்களுடைய பொறுப்பு. இன்றும் நம் ஆலயங்களில் மூப்பர் என்ற சொல்லை நாம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகின்றோம். அது அடிபட்டு, ஒளித்து, காத்து வந்த காலத்துச் சொல். அடிகளார் இறைவனை நம்பினார் என்பதோடு, இந்த எளிய மக்களையும் நம்பினார். இரண்டாவது நம்பிக்கை சில குருக்களுக்கு முதலாவதைவிடக் கடினம் என்பதைக் குருக்களே மறுக்கமாட்டார்கள்.

கடைசி நாட்கள்

1710இல் உடல் மிகவும் தளர்ந்தது. நீண்ட நடைகளும் பட்டினியும் காட்டுக் காய்ச்சலும் அறுபது வயதுக்குள் அவரை முதியவராக்கிவிட்டன. கண்டியில் படுக்கையில் கிடந்தார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி இரவு, கையில் எரியும் மெழுகுதிரியோடு உயிர் நீத்தார். இலங்கைக்கு வந்து இருபத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் ஒருமுறையும் அவர் ஊர் திரும்பவில்லை. அப்போது அரசாண்ட நரேந்திரசிங்க மன்னன் அவருக்கு மரியாதை செலுத்தினான். கத்தோலிக்கர் அல்லாதாரும் திரண்டு வந்து அழுதார்கள்.

அவர் கண் மூடியபோது அடக்குமுறை நீங்கியிருக்கவில்லை. அடைக்கலம் கொடுத்தால் மரணம் என்ற அந்தக் கட்டளை அவ்வாறே இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சி 1796வரை நீடித்தது. ஆங்கிலேய தேசாதிபதி மெயிற்லன்ட் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கியது 1806இல். அடிகளார் இறந்து தொண்ணூற்றைந்து ஆண்டுகளின் பின். தாம் விதைத்தது சுதந்திரமாகத் தலை நிமிர்ந்து நின்றதை அவர் காணவில்லை. அவருடைய மூப்பர்மாரும் காணவில்லை. அவர்களுடைய பிள்ளைகளிலும் பலர் காணவில்லை.

1740களில் கண்டியிலும் காற்று மாறிக் குருக்கள் அங்கிருந்து துரத்தப்பட்டார்கள். ஆலயமும் அழிந்தது. 1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் திகதி திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் இலட்சக்கணக்கான மக்கள் முன்னிலையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலே திருத்தந்தை மடுத் திருப்பதிக்கும் வந்து, போரில் உறவுகளை இழந்த மக்களோடு செபித்தார். நம் பங்கிலிருந்தும் பஸ் பிடித்துப் போனவர்கள் அந்த வெயிலையும் அந்தக் கூட்டத்தையும் இன்றும் சொல்லுவார்கள்.

புனிதர்களின் கல்லறைகளுக்கு நாம் யாத்திரை போவதுண்டு. யோசே வாஸ் அடிகளாரிடம் அப்படிப் போக முடியாது. கண்டி மண்ணில் அவருடைய உடல் கிடக்கும் இடம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.